ஏழு மாதம் காத்திருந்து வாங்கிய 15 வாட் டியூப் கிட்டார் ஆம்ப்: முதல் நாள் ஏமாற்றம், யோசனை சொல்லுங்கள்

ஆறாங்கம்பி:

கடைசியில் வந்துவிட்டது. ஏழு மாதம். தனி ஆளாக உட்கார்ந்து மாதத்துக்கு இரண்டோ மூன்றோ ஆம்ப் மட்டும் கையால் செய்கிற ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தேன். பெயரைக் கேட்காதீர்கள். கீழே குறை சொல்லப் போகிறேன், ஒற்றை ஆள் தொழில், நான் அவசரப்பட்டு எழுதியதை யாராவது வெட்டி எடுத்து வேறெங்காவது ஒட்டி அவர் பிழைப்பில் மண் விழ வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பவர் டியூப் இரண்டு இஎல்84, கேத்தோடு பயஸ் (டியூப் இழுக்கிற மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டரே கட்டுப்படுத்தும்), நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியே வருவதில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே கொடுத்து அடக்குவது) கிடையாது, ஏசியை டிசியாக்குகிற ரெக்டிஃபையரும் டியூப்தான், ஜிஇசட்34. இரண்டு சேனல். ஒன்றில் இஎஃப்86, அதற்கு ஒரு வால்யூமும் ஆறு நிலை டோன் சுவிட்சும். இன்னொன்றில் 12ஏஎக்ஸ்7, ட்ரெபிள், பேஸ். இரண்டுக்கும் பொதுவாக 'கட்' என்று ஒரு நாப். மாஸ்டர் வால்யூம் இல்லை, பெடல்களை ஆம்பின் நடுவில் செருகுகிற எஃபெக்ட்ஸ் லூப் இல்லை, ரிவெர்ப் இல்லை. 12 அங்குல ஆல்னிகோ ஸ்பீக்கர் ஒன்று. 1958-ல் வந்த வாக்ஸ் ஏசி15-க்குப் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள், தாத்தாவின் முகஜாடை அப்படியே இருக்கிறது.

வேலைப்பாட்டில் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. பின்பலகையைக் கழற்றியதும் கொஞ்ச நேரம் வாசிக்கவே மறந்து உட்கார்ந்திருந்தேன். டரட் போர்டில் (பாகங்களைக் கையால் சோல்டர் செய்கிற உலோகக் கால்கள் நட்ட பலகை) கெபாசிட்டர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன, ஒயர்கள் வளைகிற இடத்தில் எல்லாம் ஒரே அளவு வளைவு, சோல்டர் ஒவ்வொன்றும் மினுங்குகிறது. படம் போடுகிறேன், பிறகு.

சத்தம்தான் பிரச்சினை. 12ஏஎக்ஸ்7 சேனல் காதைக் குத்துகிறது. முதல் கம்பியில் மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போனால் கண்ணாடியில் நகத்தால் கீறியது போல இருக்கிறது. அடியில் உடம்பே இல்லை. வால்யூம் நாப்பை (கடிகார முள் கணக்கில்) 9 மணிக்குக் கீழே வைத்தால் ஒன்றும் இல்லை, அதை ஒரு நூல் தாண்டினால் அலறுகிறது. இஎஃப்86 சேனல் கேட்க அருமை, கெட்டியாகத் தேன் மாதிரி, ஆனால் நான்காம் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட், அந்த ஜி ஸ்வரத்தை அடித்தால் மட்டும் கூடவே ஒரு 'ங்ணீ' என்ற ரீங்காரம் கிளம்புகிறது. மூன்று மணி நேரம் வாசித்தேன். பிடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டே வாசித்தேன். பிடிக்கவில்லை.

ஏழு மாதமாக இதைப் பற்றியே பேசியிருக்கிறேன், வீட்டில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. திருப்பி அனுப்ப 14 நாள் அவகாசம் உண்டு.

டிஜிட்டல்தாசன்:

வாழ்த்துகள், கூடவே அனுதாபங்கள். எந்த கிட்டார், எவ்வளவு சத்தத்தில், நாப் எல்லாம் எங்கே நின்றன? இந்த மூன்றும் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஜோசியம்தான்.

ஆறாங்கம்பி:

சரிதான், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். சிங்கிள் காயில், பிரிட்ஜ் பிக்கப், டெலிகாஸ்டர் வகை. சத்தம், ராத்திரி பத்து மணிக்கு என்ன வைக்க முடியுமோ அவ்வளவுதான், பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும். ட்ரெபிள் பாதி, பேஸ் பாதி, கட் நாப்பை முழுக்கக் குறைத்துவிட்டேன், ஏற்கெனவே கீச்சென்று இருக்கிறதே என்று.

சோல்டர்புகை:

கட் நாப்பை முழுக்கக் குறைத்தீர்களா? அது தலைகீழ், தம்பி. அந்த வகை ஆம்பில் கட் என்றால் வெட்டு. கூட்டினால் மேல் அலைவரிசை வெட்டுப்படும், குறைத்தால் வெட்டே இல்லை, எல்லாம் திறந்து கிடக்கும். கீச்சைக் குறைக்கிறேன் என்று கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அறுபது வருடமாக ஜனங்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். முதலில் அதை 1 மணி வரை திருப்புங்கள்.

இரண்டாவது, நீங்கள் வாசித்த சத்தம். ஆல்னிகோ 12 அங்குல ஸ்பீக்கர் என்கிறீர்கள், அந்த ரகம் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 100 டெசிபல் வரை தருவது. ஒருவர் பேசுகிற அளவு ஏறக்குறைய 60 டெசிபல். இடையில் 40 டெசிபல் வித்தியாசம் என்றால் பத்தாயிரம் மடங்கு. அதாவது உங்கள் 15 வாட் ஆம்ப் முதல் நாள் ராத்திரி ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு வேலை பார்த்தது. இஎல்84 இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு வேலையே இல்லை. இதற்கு மேல் நம் காது வேறு. 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வைத்துவிட்டார்கள், சத்தம் குறையக் குறைய நமக்கு அடித்தொனி நடுத்தொனியை விட வேகமாக மறைந்துபோகிறது. உடம்பே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் பாதி உங்கள் காது செய்தது.

நெகட்டிவ் ஃபீட்பேக் இல்லாததும் ஒரு காரணம். ஃபீட்பேக் இருக்கிற ஆம்ப் ஸ்பீக்கரின் கடிவாளத்தைப் பிடித்து ஓட்டும். இது கடிவாளத்தை விட்டுவிடும். ஸ்பீக்கர் தன் சுபாவப்படி எங்கே எழும்புமோ அங்கே எழும்பும், குறிப்பாக மேல் தொனியில். புது ஸ்பீக்கர் வேறு, காகிதமும் ஓரமும் இன்னும் விறைப்பாக இருக்கும். இருபது முப்பது மணி நேரம் ஓடட்டும்.

இஎஃப்86 ரீங்காரம் எதிர்பார்த்ததுதான். ஒரே கட்டத்தில் 12ஏஎக்ஸ்7-ஐப் போல இரண்டு மூன்று மடங்கு பெருக்குகிற டியூப் அது, உள்ளே மெல்லிய கம்பிச் சுருள், அதைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் இருக்கிற அதே பெட்டிக்குள் வைத்தால் அதிராமல் என்ன செய்யும்? வாக்ஸ்காரர்களே ஏசி30-ல் இந்தத் தொல்லை தாங்காமல்தான் 1960-களின் தொடக்கத்தில் இஎஃப்86-ஐக் கழற்றிவிட்டு இசிசி83-க்கு (12ஏஎக்ஸ்7-இன் ஐரோப்பியப் பெயர்) மாறினார்கள். ஆம்பை ஓடவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் டியூப் தலையில் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி ஒலித்தால் வேறு டியூப் மாற்ற வேண்டியதுதான்.

கடைசியாக, பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் அது எதில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். காரணம் பிறகு.

டிஜிட்டல்தாசன்:

சோல்டர்புகை சாரிடம் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதை எல்லாம் கேட்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. கட் நாப் தலைகீழ், காது சரியில்லை, ஸ்பீக்கர் பழகவில்லை, டியூப் அதிர்கிறது, சத்தம் போதாது. குற்றவாளிப் பட்டியலில் எல்லோரும் இருக்கிறார்கள், ஆம்ப் மட்டும் இல்லை! ஏழு மாதம் காத்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் மனசு போகும்.

கையால் செய்த பூட்டிக் ஆம்ப் என்று பெயர் வைத்தால் சர்க்யூட் புதிதாகிவிடுமா? இது 1958 சர்க்யூட். மார்ஷல் 1962-ல் தொடங்கியபோது ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்பைத்தான் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஃபெண்டர் எங்கிருந்து எடுத்தார்கள் என்றால், டியூப் தயாரித்த கம்பெனிகள் அச்சிட்ட மாதிரிச் சர்க்யூட்களிலிருந்து நிறைய. யாரும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. என் மாடலரில் (ஆம்புகளின் ஒலியை டிஜிட்டலில் போலச் செய்கிற பெட்டி) இதே ஏசி15-ம் இருக்கிறது, ஏசி30-ம் இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்கும் அது அதே மாதிரி ஒலிக்கிறது, தட்டிப் பார்க்கப் பென்சில் வேண்டாம்.

புதுவிரல்:

அண்ணா, ஒரு சின்னச் சந்தேகம். ராத்திரி சத்தம் வேண்டாம் என்றால் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்பிலிருந்து நேராக ஹெட்ஃபோனுக்கோ கம்ப்யூட்டருக்கோ எடுக்க முடியாதா? கேட்பது முட்டாள்தனமாக இருந்தால் மன்னிக்கவும்.

சோல்டர்புகை:

முட்டாள்தனம் இல்லை, நல்லவேளை செய்வதற்கு முன்னால் கேட்டாய். செய்யவே கூடாது. டியூப் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் இறங்க வேண்டிய சக்தி இறங்க வழியில்லாமல் முதன்மைச் சுருளில் எகிறும், ஆயிரம் வோல்ட்டுக்கு மேலேயும் போகும், டியூப் சாக்கெட்டில் தீப்பொறி பறக்கும், ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளே எரிந்துபோகும். ஸ்பீக்கருக்குப் பதில் அதே ஓம்ஸ் உள்ள லோடு பாக்ஸ் மாட்டினால் தாராளமாக எடுக்கலாம். ட்ரான்சிஸ்டர் ஆம்புக்கு இந்த விதி அப்படியே தலைகீழ், அதற்கு ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஷார்ட் ஆனால்தான் ஆபத்து. அதனால்தான் பழக்கதோஷத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

தாசனுக்கு. சர்க்யூட் பழையது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. பூட்டிக் ஆட்களே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். காசு எதற்குப் போகிறது என்றால் இரண்டு விஷயத்துக்கு. ஒன்று ட்ரான்ஸ்ஃபார்மர், அதை எந்தப் பட்டறையில் எப்படிச் சுற்றினார்கள் என்பது. இன்னொன்று ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பது. ட்ரெயின்ரெக் செய்த கென் ஃபிஷர் ஒயர் போகிற பாதையை அவ்வளவு பார்ப்பவர், தன் ஆம்புகளுக்கு வரிசை எண் போடாமல் பெண் பெயர் வைத்தவர். இன்னொரு ஆம்ப்காரர் டம்பிள் தன் சர்க்யூட்டை யாரும் படித்துவிடக் கூடாதென்று மேலே எபாக்சியை ஊற்றி மூடினார். ஒருவர் பெயர் சூட்டினார், ஒருவர் சமாதி கட்டினார். இரண்டு பேரும் வேலையைக் காதலித்தவர்கள், இரண்டு பேர் செய்ததிலும் வியாபாரம் கொஞ்சம் இல்லாமல் இல்லை.

என் பெஞ்சுக்கு வருகிறவற்றைப் பார்த்து இன்னொன்றும் சொல்வேன். இருபது வருடம் கழித்து ஒரு ரெசிஸ்டர் போனால் டரட் போர்டில் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவேன். உங்கள் மாடலரின் சிப் போனால் நான் என்ன செய்ய, ஊதுபத்தி கொளுத்தவா?

டிஜிட்டல்தாசன்:

அந்த ஊதுபத்திக்குச் சிரித்துவிட்டேன். ஒரு புள்ளி உங்களுக்கு.

ஆறாங்கம்பி:

நாலாம் நாள் நிலவரம். உட்கார்ந்து படியுங்கள்.

கட் நாப், ஆமாம், தலைகீழ்தான். 1 மணிக்குத் திருப்பினேன், கண்ணாடிக் கீறலில் முக்கால்வாசி போயே போய்விட்டது. கையேட்டில் ஒரு வரி போட்டிருக்கலாம், கையேடே ஒரு தாள்தான், அதில் பாதி நன்றி உரை. ஆனால் பெரிய கதை அது இல்லை.

வோல்டேஜ் செலக்டர். பின்னால், கீழே, டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரிகிற இடத்தில் இருக்கிறது. 220, 240 என்று இரண்டு நிலை. 220-ல் நின்றது. சுவரில் மீட்டர் வைத்தேன், 241! எனக்குக் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் உண்டு என்பதால் சாசியை வெளியே எடுத்து அளந்தேன். ஹீட்டர் 6.3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 6.9. பத்து சதவீதம் வரை தாங்கும் என்பார்கள், அந்தக் கோட்டின் மேலேயே காலை வைத்து நின்றிருக்கிறது. இஎல்84 பிளேட்டில் 362 வோல்ட். கேத்தோடு ரெசிஸ்டர் 130 ஓம், அதன் குறுக்கே 11.8 வோல்ட், அப்படியென்றால் இரண்டு டியூபுக்கும் சேர்த்து 91 மில்லி ஆம்பியர் சுமார். ஸ்க்ரீனுக்குப் போவதைக் கழித்தால் டியூபுக்கு 40 வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 14 வாட் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருந்தது. டேட்டாஷீட்டில் இஎல்84-க்கு உச்சவரம்பு 12.

240-க்கு மாற்றினேன். ஹீட்டர் 6.3. பிளேட் 332. கேத்தோடு 10.6. கணக்குப் போட்டால் டியூபுக்குப் பதினொன்றரை வாட்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, இந்த வகை ஆம்ப் எப்போதும் விளிம்பில்தான் ஓடும் என்பதால் அது சரியே.

செய்தவருக்கு எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, சாக்குப்போக்கு இல்லை. சோதனைக்கு அவர் பெஞ்சில் 220-ல் வைத்து ஓட்டுவாராம், அனுப்பும்போது மாற்ற மறந்துவிட்டாராம். புது இஎல்84 ஒரு ஜோடி அனுப்புகிறேன் என்றார். கோபப்படலாம் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன், அவர் இடம் கொடுக்கவில்லை.

சத்தத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் பெரிதுபடுத்தக் கூடாது. அடிக்கும் நொடியில் இருந்த அந்த விறைப்பு தளர்ந்திருக்கிறது. அவ்வளவுதான். கட் நாப் செய்ததுதான் அதிகம்.

சோல்டர்புகை:

இதற்குத்தான் கேட்டேன். பத்து ஆம்ப் வந்தால் இரண்டில் இது இருக்கும், வீட்டு மின்சாரம் ஏறிக்கொண்டே போகிறது, ட்ரான்ஸ்ஃபார்மரில் செலக்டர் தொடுகிற டேப் பழைய கணக்கில் நிற்கிறது.

படிக்கிற புதியவர்களுக்கு ஒன்று, இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆறாங்கம்பி செய்ததைப் பழக்கமில்லாமல் செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கலாம், தொட்டால் உயிருக்கே ஆபத்து. ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மீட்டர் வைத்து உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். ஓடும்போது அளந்தால் ஒரு கை பாக்கெட்டுக்குள். செலக்டரைத் திருப்புவதற்கு இது எதுவும் வேண்டாம், பிளக்கை எடுத்துவிட்டுத் திருப்பினால் போதும்.

புதுவிரல்:

சார், இரண்டு இஎல்84 போட்டு 15 வாட், நாலு போட்டால் 30 வாட் என்றால் சத்தமும் இரண்டு மடங்கு ஆகுமா?

சோல்டர்புகை:

ஆகாது. வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும், கவனித்துக் கேட்டால் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு. 30 வாட்டில் கூடுதலாகக் கிடைப்பது கிளீனாக வாசிக்கக் கொஞ்சம் கூடுதல் இடம். கூடவே முதுகுவலி.

ஆறாங்கம்பி:

ஏழாம் நாள். நேற்று ரிகர்சலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டிரம்ஸ், பேஸ் கிட்டார், நான். முதல் நாள் நான் எழுதியதை இப்போது படித்தால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது.

12ஏஎக்ஸ்7 சேனல், வால்யூம் 2 மணி. வால்யூம் நாப் ஏன் 9 மணியிலேயே அலறுகிறது, 11-க்கு மேல் ஏன் சத்தம் கூடுவதே இல்லை என்று வீட்டில் எரிச்சலாக இருந்தது. அங்கே போய்த்தான் புரிந்தது. 11 மணிக்கு மேல் அது வால்யூம் நாப் இல்லை. சத்தம் அங்கேயே நிற்கிறது, ஒலியின் உடம்புதான் மாறுகிறது, முதலில் ஓரம் மட்டும் நொறுங்குகிறது, அப்புறம் நடுவும் சேர்ந்து நொறுங்குகிறது. 2 மணியில் வைத்துவிட்டு அதன் பிறகு ஆம்பைத் தொடவே இல்லை. கிட்டார் வால்யூம் 4-ல் வைத்தால் மணி மாதிரி கிளீன். 7-ல் மெதுவாக அடித்தால் கிளீன், அழுத்தி அடித்தால் உறுமல். 10-ல் முழு உறுமல். ஒரு பாட்டுக்குள்ளேயே விரலால் இந்த மூன்றுக்கும் போய் வந்தேன், காலால் ஒரு பெடலையும் மிதிக்கவில்லை.

இன்னொன்று, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, முயற்சி செய்கிறேன். கார்டை ஓங்கி அடித்தால் ஆம்ப் ஒரு கணம் பின்வாங்குகிறது, பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு மேலே வருகிறது. அடித்த பிறகு வீங்குகிறது. அந்த வீக்கத்துக்குள் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று கை தானாகவே கற்றுக்கொள்கிறது. கேத்தோடு பயஸ் ஆம்பில் ஓங்கி அடிக்கும்போது டியூப் கூடுதலாக இழுக்கிறது, கேத்தோடில் இருக்கிற கெபாசிட்டர் ஏறுகிறது, பயஸ் குளிர்கிறது, டியூப் அடங்குகிறது, கெபாசிட்டர் இறங்கியதும் திரும்ப வருகிறது என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, விரலில் உணர்வது வேறு. ரெக்டிஃபையர் டியூபும் இதில் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், ஆனால் ஜிஇசட்34 அவ்வளவு தொய்கிற டியூப் இல்லை.

இப்போது கெட்ட செய்தி. ஆம்ப் எதையும் மறைக்கவில்லை. வலது கையை சரியாகப் படுக்க வைக்காமல் பக்கத்துக் கம்பி லேசாக அதிர்ந்தால்கூட அது வெளியே வந்து நிற்கிறது. பல வருடமாக கம்ப்ரசரும் ஓவர்டிரைவும் என் கைக்குச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. முதல் அரைமணி நேரம் எனக்கே என் வாசிப்பு பிடிக்கவில்லை.

உண்மையான குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப், சிக்னல் கூடுதல்) கிட்டார் மாட்டினால் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று கிளீனாக வாசிக்க முடியாது, அதற்குள் உடைந்துவிடுகிறது. டிலே பெடல் முன்னால் போட்டால், ஆம்ப் உறுமும்போது எதிரொலியும் சேர்ந்து உறுமி எல்லாம் கூழாகிவிடுகிறது, லூப் இல்லாததன் வலி அங்கேதான் தெரிகிறது. இஎஃப்86 சேனல் ரிகர்சல் சத்தத்தில் அந்த ஜி ஸ்வரத்தில் ரீங்காரம் மட்டும் இல்லை, ஊளையே இட்டது.

தாளக்காரன்:

அந்த டிரம்ஸ் வாசித்தது நான்தான், இவர் இங்கே எழுதுகிறார் என்று இப்போதுதான் தெரியும். ஆம்ப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வழக்கமாக ஒரு பாட்டு முடிந்ததும் இவர் குனிந்து பெடல் திருகிக்கொண்டிருப்பார், நாங்கள் காத்திருப்போம். நேற்று ஒரு தடவைகூடக் குனியவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு பாட்டு.

அப்புறம் காது. அந்தச் சின்னப் பெட்டி எனக்கு நேராகத் திரும்பி இருந்தது. அடுத்த தடவை சாய்த்து வையுங்கள், நானும் அடைப்பான் கொண்டு வருகிறேன். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் கால் மணிதான் என்பதை எல்லா இசைக்காரர்களும் படித்திருக்கிறார்கள், யாரும் கடைப்பிடிப்பது இல்லை.

டிஜிட்டல்தாசன்:

பதினோரு பாட்டு என்பது நான் கேட்ட ஆம்ப் விமர்சனங்களிலேயே நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. வாரத்தில் ஒரு நாள் ரிகர்சல், ஆறு நாள் வீடு. அந்த ஆறு நாளுக்கு என்ன வழி? ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சக்தியைக் குறைக்கிற அட்டென்யூவேட்டர் என்பீர்கள். நானும் ஒரு காலத்தில் வைத்திருந்தேன். 3, 6 டெசிபல் குறைத்தால் சரியாகவே இருக்கும், மறுக்கவில்லை. 20 குறைத்தால் ஸ்பீக்கர் அசையவே அசையாது, அடைத்த மூக்கோடு பாடியது மாதிரி வரும். பேச்சுச் சத்தத்துக்கு வர உங்கள் ஆம்புக்கு 50 டெசிபல் குறைக்க வேண்டும். அந்த இடத்தில் என் மாடலர் ஜெயிக்கிறது. நான் பிடிவாதக்காரன் இல்லை, ராத்திரி பத்து மணிக்காரன்.

ஆறாங்கம்பி:

இதில் நீங்கள் சொல்வது சரி, வாதாட மாட்டேன். வீட்டில் ராத்திரி இதை நான் இப்போது வாசிப்பதே இல்லை. பகலில், 9 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் வால்யூமை வைத்து, ட்ரெபிள் பேஸ் இரண்டையும் 10 மணிக்கு இறக்கி வைத்து வாசிக்கிறேன். அந்த டோன் சர்க்யூட்டில் நடுத்தொனிக்கு நாப் இல்லை, இரண்டையும் ஏற்றினால் நடு பள்ளமாகிவிடும், இரண்டையும் இறக்கினால் நடு தானாக எழும். முதல் நாள் தேடிய உடம்பு அங்கேதான் ஒளிந்திருந்தது. ராத்திரிக்கு ஒரு சின்ன மாடலர் வாங்கலாமா என்றுகூட யோசிக்கிறேன், எது நல்லது என்று தனியாகக் கேட்கிறேன், சிரிக்காதீர்கள்.

டிஜிட்டல்தாசன்:

சிரிக்கவில்லை. (சிரித்தேன்.)

சோல்டர்புகை:

இஎஃப்86 விஷயம் என்ன ஆயிற்று? புதிதாக வருகிறவற்றில் ஐந்து வாங்கினால் காம்போவில் (ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டி) தாங்குவது ஒன்றோ இரண்டோதான். பழைய சோவியத் 6ஜெ32பி கிடைத்தால் போட்டுப் பாருங்கள், அதே பின் அமைப்பு, அப்படியே பொருந்தும், என் அனுபவத்தில் அதிர்வைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குகிறது. டியூப் கழுத்தில் வெப்பம் தாங்கும் சிலிக்கான் வளையம் இரண்டு மாட்டினாலும் அடங்கும்.

ஆறாங்கம்பி:

பன்னிரண்டாம் நாள்.

பென்சிலால் தட்டினேன், கோயில் மணி. 6ஜெ32பி ஒன்று நண்பரிடம் இருந்தது, மாட்டினேன், வளையமும் போட்டேன். இப்போது தட்டினால் மந்தமான 'டொக்', அவ்வளவுதான். ஊளை நின்றது. ஆனால் அந்த ஜி ஸ்வரத்தில் மட்டும் சன்னமாக ஒரு 'ஜிர்ர்' மிச்சம் இருந்தது, நான்காம் கம்பி, ஐந்தாம் ஃப்ரெட், வேறு எங்கும் இல்லை. 12ஏஎக்ஸ்7 சேனலிலும் வந்தது! அப்போதுதான் இது டியூபே இல்லை என்று உறைத்தது.

இரண்டு நாள் தேடினேன். டியூப் கவசங்களைக் கழற்றினேன். இஎல்84 பிடிப்பான் ஸ்ப்ரிங்குகளைக் கழற்றினேன். ஸ்பீக்கர் போல்ட், பின்பலகை ஸ்க்ரூ, கைப்பிடி எல்லாம் இறுக்கினேன். அறையில் இருந்த ஜன்னல் கொக்கி, மேசை விளக்கு ஒன்றையும் விடவில்லை. கடைசியில் வீட்டுக்காரம்மாவை அந்த ஒரே ஸ்வரத்தை அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லி, நான் தரையில் படுத்து விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் அழுத்தியதும் நின்றது. விட்டதும் வந்தது.

முன் துணியின் மேல் பித்தளையில் பதித்திருக்கிற செய்தவரின் பெயர்ப் பலகை. இரண்டு ஸ்க்ரூவில் ஒன்றுக்கு மரை தேய்ந்துபோய்ச் சும்மா சுற்றுகிறது.

கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டேன். அவருக்கு எழுதியிருக்கிறேன், பெரிய ஸ்க்ரூ ஒன்று இஎல்84 பார்சலோடு சேர்த்து அனுப்புகிறாராம். திருப்பி அனுப்ப இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அட்டைப்பெட்டியை நேற்றே கிழித்துப் பழைய பேப்பரோடு போட்டாயிற்று.

புதுவிரல்:

அண்ணா, அப்படியென்றால் இப்போதாவது அந்தப் பெயரைச் சொல்லலாமே?

ஆறாங்கம்பி:

ஆம்ப் மேலேயே இப்போது பெயர் இல்லை, தம்பி. ஸ்க்ரூ வரட்டும்.